சுவரைத் தாண்டிய காய்ச்சலும் தாண்டாத தூசும்

1784ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்து ராட்கிளிஃப் நூற்பாலையில் ஒரு காய்ச்சல் கிளம்பியது. நோய் ஆலையோடு நிற்கவில்லை; சுற்றியிருந்த குடியிருப்புகளுக்கும் பரவியது. ஊரார் அச்சம் முற்றவே, மாவட்ட நடுவர்கள் மான்செஸ்டர் நகரின் பெயர்பெற்ற மருத்துவர் தாமஸ் பெர்சிவலையும் அவருடைய தோழர்களையும் ஆராயப் பணித்தார்கள். காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்பதை அம்மருத்துவர்களால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அது ஏன் அங்கே வேரூன்றியது என்பதில் மட்டும் அவர்களுக்கு ஐயமில்லை. நெருக்கமும் அழுக்கும் காற்றோட்டமின்மையும் இரவு வேலையும் சிறுவர்களின் நீண்ட வேலைநேரமுமே காரணம் என்றார்கள். அறிக்கையைக் கண்ட நடுவர்கள், இரவிலோ, நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கும் ஆலைகளுக்கு, ஊர்ப்பொறுப்பில் வளரும் ஏழைப் பிள்ளைகளைத் தொழில்பழக ஒப்படைப்பதில்லை என முடிவெடுத்தார்கள். ஆலைக்குள் உழைப்பவரின் உடல்நலத்துக்காக ஆட்சியதிகாரம் கைநீட்டிய முதல் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

அந்த ஆலையின் உரிமையாளர் ராபர்ட் பீல்; பின்னாளில் பிரிட்டனின் தலைமையமைச்சரான அதே பெயருடையவரின் தந்தை. தம் ஆலைகளில் ஏறத்தாழ ஆயிரம் ஏழைப் பிள்ளைகள் வேலை செய்ததை அவரே பின்னர் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். தாமே உறுப்பினராக இருந்த மன்றத்தில் 1802இல் ஒரு சட்டத்தை முன்மொழிந்தவரும் அவரே. தொழில்பழகும் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமே வேலை. இரவு வேலை ஒழிய வேண்டும். ஆண்டுக்கு இருமுறை சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். போதிய சன்னல்கள் வேண்டும். ஆண்டுக்கொரு புத்தாடை தர வேண்டும். ஒரு படுக்கையில் இருவருக்கு மேல் படுக்கலாகாது. இவை அச்சட்டத்தின் விதிகள்.

இந்த விதிகளை இன்றைய அறிவோடு படிப்பவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அக்கால ஆலைக்காய்ச்சல்கள் பெரும்பாலும் டைபஸ் என்னும் நச்சுக்காய்ச்சலே என்று கருதப்படுகிறது. அதைப் பரப்புவது உடையில் வாழும் பேன். இந்த உண்மையை சார்லஸ் நிக்கோல் துனிசில் கண்டறிந்தது 1909ஆம் ஆண்டில்தான். பெர்சிவலின் காலத்தவர்க்குப் பேன்மேல் எந்த ஐயமும் எழவில்லை. அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலின் வித்து என்பது அவர்கள் கொள்கை. சுண்ணாம்பும் சன்னலும் அந்தக் காற்றை விரட்டுவதற்கு. ஆயினும் பேனை உண்மையில் தாக்கியிருக்கக்கூடியவை புத்தாடையும் படுக்கை விதியும்தாம். பகல் முறைக்காரர் எழுந்த படுக்கையில் இரவு முறைக்காரர் சூடு ஆறுமுன் படுத்த ஆலைகளும் இருந்தன. பேனுக்கு அதைவிட நல்ல ஊர்தி எது? காரணம் பிழையாக இருந்தும் மருந்தில் பாதி சரியாக அமைந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளின் நலவாழ்வு வரலாற்றில் இந்த வேடிக்கை திரும்பத் திரும்ப நிகழக் காண்கிறோம்.

சட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. அதைவிடப் பெரிய குறை, அது பிறக்கும்போதே பழையதாகிவிட்டது. ஏன் என்பதை அறிய ஆலை பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

லங்காஷயரின் பருத்தித்தொழில் ஒரு போட்டியின் பிள்ளை. சோழமண்டலக் கரையிலிருந்தும் குசராத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் சென்ற அச்சுத்துணிகள் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தை மயக்கின. உள்நாட்டுக் கம்பளித் தொழிலைக் காக்க 1700இலும் 1721இலும் தடைச்சட்டங்கள் எழுந்தன. நம் நெசவாளர் துணிக்கு அடைத்த கதவின் நிழலில் லங்காஷயர் வளர்ந்தது. ஆயினும் நூலில் இடர்ப்பாடு இருந்தது. பாவுக்கு ஏற்ற முறுக்குள்ள பருத்தி நூலை நூற்க அங்கே கைத்திறன் போதவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769இல் உரிமம் பெற்ற நீர்விசை நூற்புப்பொறி. டெர்பிஷயரின் குரோம்ஃபோர்டில் 1771இல் அவர் தொடங்கிய ஆலையே பின்வந்த ஆலைகளுக்கெல்லாம் படிவம் ஆயிற்று. 1774இல் முழுப்பருத்தித் துணியை உள்நாட்டில் நெய்யும் தடையும் நீங்கியது.

நீர்விசைக்கு ஓடும் ஆறு வேண்டும். ஆறு விரைந்து ஓடும் பள்ளத்தாக்கில் ஊர் இல்லை. ஊர் இல்லாத இடத்தில் ஆள் இல்லை. எனவே ஆலைக்காரர்கள் இலண்டன் முதலிய நகரங்களின் ஏழைக்காப்பகங்களிலிருந்து பிள்ளைகளை வண்டியேற்றி வரவழைத்தார்கள். ஜேம்ஸ் வாட்டின் நீராவிப் பொறி உருளையைச் சுழற்றக் கற்றுக்கொண்டதும் இந்த நிலை மாறியது. நிலக்கரி கிடைக்கும் இடமெல்லாம் ஆலைக்குத் தக்க இடமாயிற்று. ஆலை நகரத்துக்குள் வந்தது. மான்செஸ்டரின் ஆன்கோட்ஸ் பகுதியில் 1790களின் இறுதியில் பல மாடி ஆலைகள் எழுந்தன. நகரத்தில் பெற்றோர் தாமே தம் பிள்ளைகளை அழைத்து வந்து ஆலையில் விட்டார்கள். இவர்கள் ‘தொழில்பழகுநர்’ அல்லர். ஆகவே 1802 சட்டம் இவர்களைத் தீண்டவே இல்லை. விசை பிறக்கும் இடம் மாறியது; குழந்தையின் சட்டநிலையும் அதனோடு மாறியது. பொறியியலுக்கும் குமுக வாழ்வுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் அறியேன்.

வேலை என்பதன் இயல்பே மாறியதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். வீட்டுத்தறியில் நெய்தவன் கடுமையாக உழைத்தான், ஆனால் தன் விருப்பப்படி உழைத்தான். வார இறுதியில் துணியை ஒப்படைக்க இரவெல்லாம் விழித்தாலும் திங்கட்கிழமை தறியைத் தொடமாட்டான்; அந்த ஓய்வுக்குப் ‘புனிதத் திங்கள்’ என்று குறும்பாகப் பெயரும் வைத்திருந்தான். நீராவிப் பொறிக்குத் திங்கள் என்றும் ஞாயிறு என்றும் தெரியாது. கொதிகலனுக்குக் கரியிட்ட நொடிமுதல் செலவு ஓடுகிறது. ஆகவே எல்லாக் கதிர்களும் ஒருங்கே சுழல வேண்டும், எல்லாக் கைகளும் ஒருங்கே தொடங்க வேண்டும். விடியுமுன் நீண்ட கழியால் சன்னல்களைத் தட்டி எழுப்புவதையே பிழைப்பாகக் கொண்ட ஆட்கள் அந்நகரங்களில் தோன்றினார்கள். மான்செஸ்டருக்கு அருகிலுள்ள டில்டெஸ்லியில் 1823இல் வேலைநிறுத்தம் செய்த நூற்போர் தங்கள் ஆலையின் தண்டப் பட்டியலை வெளியிட்டார்கள். எண்பது பாரன்ஹீட் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைத்த அவர்களுக்குச் சன்னலைத் திறந்துவைத்தால் ஒரு ஷில்லிங் தண்டம். சீழ்க்கை அடித்தாலும் ஒரு ஷில்லிங். நோயுற்றவன் தனக்கு ஈடாக ஆள் தேடித் தராவிட்டால், வீணாகும் நீராவிக்கென நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் கட்ட வேண்டும். சன்னல் திறந்தால் ஏன் தண்டம்? காற்று வறண்டால் பருத்தி இழை அறும். இழைக்கு வேண்டிய ஈரமும் வெப்பமும் மனிதன் மூச்சுக்கு ஒவ்வாதவையாய் இருந்தன. ஆலை எதைக் காப்பது என்று முன்பே முடிவெடுத்திருந்தது.

1801இல் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் வாழ்ந்த மான்செஸ்டரில் 1851இல் மூன்று இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். இத்தனை பெரிய நகருக்கு 1832வரை நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினரும் இல்லை. 1838வரை நகராட்சியும் இல்லை. நம் பக்கத்து ஜமீன் கச்சேரியைப் போன்ற ஒரு பழைய நிலக்கிழார் மன்றமே சந்தையைப் பார்த்துக்கொண்டது. உலகுக்கெல்லாம் துணி அனுப்பிய ஊரில் சாக்கடை வெட்டும் பொறுப்பு ஒருமுகப்படவில்லை.

இந்த நகரத்துக்குத்தான் 1820களின் இறுதியில் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே என்னும் இளம் மருத்துவர் வந்தார். எடின்பரோவில் பட்டம் பெற்றவர். ஆர்ட்விக்–ஆன்கோட்ஸ் இலவச மருந்தகத்தில் ஆலைத் தொழிலாளரைப் பார்த்தவர். அவர் அடுத்தடுத்து இரண்டு எழுத்துகளை வெளியிட்டார். ஒன்று 1831இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை. பருத்தித் தூசு நுரையீரலை உறுத்துவதையும், நூற்போர்க்கு வரும் தனிப்பட்ட மார்பு நோயையும் பற்றியது. மற்றொன்று 1832இல் வந்த சிறுநூல்; மான்செஸ்டர்ப் பருத்தித் தொழிலாளரின் ஒழுக்க நிலையையும் உடல் நிலையையும் பற்றியது. இரண்டாவது நூல் அவரைப் புகழேணியில் ஏற்றியது. முதற்கட்டுரை மறக்கப்பட்டது. இந்த இரண்டு எழுத்துகளின் ஊழ் ஏன் இப்படிப் பிரிந்தது என்பதையே இக்கட்டுரை கேட்க விரும்புகிறது.

இடையே வந்தது காலரா. 1831 இலையுதிர் காலத்தில் சண்டர்லாந்து துறைமுகத்தில் இறங்கிய அந்தக் கொள்ளைநோய் அடுத்த கோடையில் மான்செஸ்டரை அடைந்தது. நோய் வருமுன்பே நகரம் தெருத்தெருவாக ஆராயப்பட்டது. அந்த ஆய்வின் எண்களைக் கே தம் நூலில் தந்தார். பார்வையிட்ட 687 தெருக்களில் 352இல் குப்பைமேடுகளும் தேங்கிய குட்டைகளும் மலக்குவியல்களும் இருந்தன. 6,951 வீடுகளில் 2,221க்குக் கழிப்பிடமே இல்லை. பார்லிமெண்ட் தெரு என்னும் பெருமைமிகு பெயர்கொண்ட ஒரு தெருவில் 380 பேருக்கு ஒரே கழிப்பிடம்.

ஏழைகளுக்கோ மருத்துவர்மேலேயே ஐயம். 1832 செப்டம்பரில் ஸ்வான் தெருக் காலரா மருத்துவமனையில் இறந்த ஒரு சிறுவனின் சவப்பெட்டியைத் திறந்தபோது, அவன் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செங்கல் இருந்தது. மருத்துவமனைப் பணியாளர் ஒருவர் தலையை ஆய்வுக்காக அறுத்தெடுத்திருந்தார். பெருங்கூட்டம் திரண்டு மருத்துவமனையைத் தாக்கி நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. உரிமை கோரப்படாத ஏழைப் பிணங்களை அறுவைப் பயிற்சிக்குத் தரும் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். நலவாழ்வுத்துறையின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுகிறார்கள். ஐயுற்ற மக்களை அறியாதவர் என்று ஒதுக்குவது எளிது. அவர்கள் ஐயத்துக்கு ஒரு செங்கல்லளவு சான்று இருந்தது.

கே அழுக்கை மட்டும் எண்ணி நிற்கவில்லை. தொழிலாளரின் குடி, சோம்பல், அயர்லாந்திலிருந்து வந்தோரின் பழக்கம் என்று குற்றத்தை அவர்கள்மேலும் சாற்றினார். ஆலைமுறையில் அடிப்படைக் குறையில்லை, நகரத்தில்தான் குறை என்பது அவர் முடிபு. ஆலைமுதலாளிகள் அந்நூலை வரவேற்றதில் வியப்பில்லை. சாக்கடை வெட்ட வரி கொடுக்கலாம். காலரா முதலாளியின் தெருவுக்கும் வரும் அல்லவா?

அடுத்த இருபது ஆண்டுகள் எண்களின் காலம். 1833 ஆலைச்சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டோரைப் பெரும்பாலான ஆலைகளிலிருந்து விலக்கியது. ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு வாரம் 48 மணி என்று வரம்பிட்டது. நாடு முழுவதற்கும் நான்கு ஆய்வாளரை அமர்த்தியது. சிக்கல் எங்கே எழுந்தது? பிள்ளைகளின் வயது யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு தொடங்கியது 1837 சூலையில்தான். பெற்றோர் சொல்லை நம்ப இயலாது. பிள்ளையின் கூலி அவர்கள் அடுப்பெரியத் தேவை. ஆகவே அறுவை மருத்துவர் பிள்ளையின் தோற்றத்தைப் பார்த்து வயதுச்சான்று தர வேண்டும் என்றது சட்டம். உயரத்தை அளந்தார்கள், ஊட்டமற்ற பிள்ளைக்கு உயரம் வயதைச் சொல்லுமா? எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல்மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்து, பல் முளைக்கும் ஒழுங்கே உயரத்தைவிட நம்பத்தக்க வயதுச்சான்று என்று 1837இல் ஒரு நூல் எழுதி நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். பசி எலும்பின் வளர்ச்சியைத் தடுக்கும் அளவுக்குப் பல்லின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை. இன்றும் தடயவியலார் சிறுவர் வயதைக் கணிக்கப் பல்லையே நாடுகிறார்கள். இவ்வறிவுத்துறையின் தொடக்கங்களுள் ஒன்று, ஒரு பிள்ளையை எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்னும் கேள்வியில் இருக்கிறது.

1842இல் எட்வின் சாட்விக் வெளியிட்ட துப்புரவு அறிக்கை இக்காலத்தின் பேரறிக்கை. அதில் எல்லோர் நெஞ்சிலும் தைத்த பட்டியல் ஒன்று உண்டு. இறந்தோரின் சராசரி வயது, மான்செஸ்டரின் உயர்குடியினர்க்கு 38. வணிகர் குடும்பங்களுக்கு 20. தொழிலாளர் குடும்பங்களுக்கு 17. நாட்டுப்புறமான ரட்லாந்தில் இவை முறையே 52, 41, 38. நகரத்துச் செல்வரும் நாட்டுப்புற உழவுக்கூலியும் ஒரே வயதில் இறந்தார்கள் என்பது இதன் பொருள்போல் தோன்றும். அறிக்கையின் வெற்றிக்கு இந்த ஒரு பட்டியலே பெருங்காரணம்.

ஆனால் கணக்கு கோணலானது. இறந்தோரின் சராசரி வயதும், ஒருவர் எதிர்பார்க்கக்கூடிய வாழ்நாளும் ஒன்றல்ல. குழந்தைகளும் இளைஞரும் மிகுந்த ஊரில் இறப்போரிலும் இளையோரே மிகுவர்; முதியோர் இல்லாத ஊரில் முதியோர் சாவது எப்படி? ஆலைவேலை தேடி வந்த இளங்குடும்பங்களால் பெருகிய மான்செஸ்டர் அத்தகைய ஊர். தொழிலாளர் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குள் இறந்தனர் என்பது உண்மை. அதற்காக வளர்ந்த தொழிலாளி பதினேழு வயதில் இறந்தான் என்று கொள்ளலாகாது. நெய்சன் என்னும் காப்பீட்டுக் கணக்கர் இப்பிழையை ஈராண்டில் எடுத்துக்காட்டினார். சரியான கருவியைச் செய்தவர் பதிவாளர் அலுவலகத்தின் வில்லியம் ஃபார். 1841 குடிக்கணக்கெடுப்பையும் புதிய இறப்புப் பதிவுகளையும் இணைத்து, ஒவ்வொரு வயதிலும் வாழ்வோர் எத்தனை பேர், இறப்போர் எத்தனை பேர் என்று பிரித்து வாழ்நாள் அட்டவணை வகுத்தார். பிறக்கும் குழந்தை எதிர்பார்க்கக்கூடிய வாழ்நாள் சர்ரி மாவட்டத்தில் 45 ஆண்டு, இலண்டனில் 37, லிவர்ப்பூலில் 26. கோணல் நீங்கிய பின்னும் கொடுமை நீங்கவில்லை.

சாட்விக்கின் நோய்க்கொள்கையும் கெட்ட காற்றே. நாற்றத்தை ஒழித்தால் நோய் ஒழியும் என்று நம்பிக் கழிவை ஆற்றில் தள்ளினார். இலண்டனில் அந்த ஆற்று நீரையே மக்கள் குடித்தார்கள். பேனைப் பற்றி முன்பு கண்டது இங்கே தலைகீழாகவும் நிகழ்ந்தது: சாக்கடை சரி, அதன் வாய் வைத்த இடம் பிழை. மான்செஸ்டரில் நகராட்சி வந்தபின் மாற்றம் தெரிந்தது. 1844இல், பின்சுவர் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளைப் புதிதாகக் கட்டுவது தடைப்பட்டது. 1848இல் பொறியாளர் பேட்மன் பென்னைன் மலைகளின் லாங்டென்டேல் பள்ளத்தாக்கில் அணைகட்டத் தொடங்கினார். தூய நீர் நகருக்கு வந்தது. செல்வம் பெருகிய தொடக்கப் பதிற்றாண்டுகளில் கூடாத நலம், நகரம் தன்மேல் தானே வரி விதித்துக்கொள்ளும் உரிமை பெற்ற பின்னரே மெல்லக் கூடத் தொடங்கியது. ஆலையின் ஆக்கம் தானாகவே கீழே கசிந்து மக்களைக் காத்தது என்பார்க்கு இந்த ஆண்டுவரிசையை எடுத்துக் காட்டலாம்.

கேயின் முதற்கட்டுரைக்கு வருவோம்.

பஞ்சுப் பொதியைப் பிரித்து, அடித்து, சீவிச் சிக்கெடுக்கும் கூடங்களில் தூசு பனிபோல் மூடும். பொறியின் கம்பிப்பற்களில் சிக்கிய கழிவை அகற்றுவோரும் பற்களைத் தீட்டுவோரும் அதை ஆண்டுக்கணக்கில் மூச்சிழுத்தார்கள். முதலில் வறட்டிருமல், பிறகு மார்பிறுக்கம், இறுதியில் மாடிப்படி ஏற இயலாத மூச்சுத்திணறல். 1845இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர மருத்துவர் இருவர் ஆலைத் தொழிலாளரை ஆராய்ந்து ஒரு விந்தையைக் குறித்தனர்: தூசு திங்களன்றும் செவ்வாயன்றும்தான் மிகவும் வருத்துகிறது என்று தொழிலாளர் கூறினர். ஞாயிறு ஓய்வு நலம் செய்யவேண்டுமே, தீங்கா செய்யும்? இன்றைய விளக்கம் இது. பருத்தியோடு வரும் இலைத்துணுக்குகளில் நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. அவற்றின் உறைப்பொருள்கள் மூச்சுக்குழலை அழற்றுகின்றன. நாள்தோறும் அந்த நஞ்சு புகும்போது உடல் ஓரளவு தாங்கப் பழகுகிறது. ஒருநாள் இடைவெளியில் அந்தத் தாங்குதிறன் தளர்கிறது. திங்கள் காலையில் எதிர்வினை முழுவேகத்தில் எழுகிறது. தறிக்காரன் கொண்டாடிய திங்கள் ஆலைக்காரனுக்கு இப்படி வந்து சேர்ந்தது. நோய்க்கு ‘பிசினோசிஸ்’ என்று 1877இல் பெயரிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் புரூஸ்ட். மூச்சிழைப்பால் வாழ்நாளெல்லாம் வருந்திய நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் அவருடைய மகன்.

இந்த நோய் யாரையும் தொற்றாது. தொழிலாளியின் மார்புக்குள் வளர்ந்து அங்கேயே முடியும். ஆலைமுதலாளியின் மாளிகைக்கோ அடுத்த தெருவுக்கோ அது போகாது. இறப்புப் பதிவேட்டிலும் அது தன் பெயரில் தோன்றவில்லை. மார்ச்சளி என்றும் ஈளை என்றும் எழுதப்பட்டது. புகைக்கரி நிறைந்த நகரத்தில் இருமாதவர் யார்? ஆகவே எண்ணியவர்களின் கண்ணிலும் படவில்லை. 1833 சட்டம் மணிநேரத்தை எண்ணியது. 1844 சட்டம் கைகால்களை அறுக்கும் பொறிகளுக்கு வேலியிடச் சொன்னது. 1847 சட்டம் பெண்டிர்க்கும் இளையோர்க்கும் பத்துமணி வேலைநாளைத் தந்தது. துண்டான கை ஒரே நொடியில் எல்லோருக்கும் தெரியும். இருபது ஆண்டுகளில் சுருங்கும் மூச்சு எந்த நாளேட்டிலும் செய்தியாகாது.

கே எழுதி நூற்றொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1940இல், பிரிட்டன் இந்நோய்க்கு இழப்பீடு தரச் சட்டம் இயற்றியது. அதிலும் இருபது ஆண்டு அந்தக் கூடங்களில் உழைத்திருக்க வேண்டும், முற்றும் செயலற்றுப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள். மெய்ப்பிப்பது எப்படி? கரித்தூசையும் மணல்தூசையும் போலன்றிப் பருத்தித்தூசு ஊடுகதிர்ப் படத்தில் தனி அடையாளம் எதையும் விட்டுச் செல்வதில்லை. 1950களில் மான்செஸ்டரின் தொழில்நலத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஷில்லிங் வேறு வழி கண்டார். ஆலையாலையாகச் சென்று தொழிலாளரிடம் ஒரே வகையில் வினவினார்: மார்பு இறுகுகிறதா? திங்களன்று எப்போதாவதா, திங்கள்தோறுமா, மற்ற நாளிலுமா? விடைகளைக் கொண்டே நோயைப் படிநிலைகளாக வகுத்தார். நோய் பெரும்பாலும் ஒழிந்துவிட்டதாகப் பலர் எண்ணியிருந்த காலம் அது. பஞ்சு சீவும் கூடங்களில் வேலை செய்த ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆம் என்றார்கள்.